இரண்டு தட்டுகளும் ஒரு பாட்டரியும்

12 மார்ச் 2014. எஸ்எஸ்டி தட்டு இரண்டு. 1,640 பொலிவியானோ.
5 மார்ச் 2019. சாராயம், கோக்கா இலை, வண்ணக் காகிதம். 185.
7 மார்ச் 2019. நாணய வடிவ பாட்டரி ஒன்று. 10.

பொலிவிய நகரமான ஒரூரோவில் எங்கள் சுரங்கக் கூட்டுறவின் பதிவாளனாக நான் இருந்தபோது, அலுவலகக் கணினியைக் கவனித்தவள் நியேவெஸ் காயோ. இருபது வயதுவரை சுரங்க வாசலில் தாயோடு கழிவுக் கல்லில் தாது பொறுக்கியவள். பிறகு மாலை வகுப்பில் கணினி கற்றாள். திருகாணிகளையும் தாது பொறுக்குவதுபோல் விரல் நுனியால் புரட்டிப் பார்த்தே எடுப்பாள். தொழிலின் முதல் வருடத்தில், திரை கேட்ட ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தி, ஒரு ஆசிரியையின் படங்களையெல்லாம் அழித்துவிட்டாள். அதன்பின் 'ஆம்' என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

அவளுடைய அப்பா எலியோதோரோவின் நுரையீரலில் கல்தூசி. ஓய்வூதியம் வேண்டுமென்றால், அவர் சுரங்கத்துக்குள் உழைத்த ஆண்டுகளுக்குச் சான்று தரவேண்டும். திருவிழா வாரத்து வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கூரை ஒழுகிக் காகிதப் பதிவேடுகள் கூழாகிவிட்டதால், அந்த ஆண்டுகள் கணினியில் மட்டுமே இருந்தன.

திருவிழாச் செவ்வாயன்று பூமித்தாய்க்குச் சாராயம் தெளிக்கும்போது பொறி பறக்கக்கூடாதென்று மெயின் சுவிட்சை நான்தான் அணைத்தேன். வியாழன் காலை போட்டால், தொடங்க எதுவும் இல்லையென்றது திரை. கூட்டுறவுத் தலைவர் ருஃபினோ, விண்டோஸைப் புதிதாய் நிறுவும் பென்டிரைவைச் செருகினார். நியேவெஸ் வந்தபோது திரையில் கணினியின் இரண்டு சேமிப்புத் தட்டுகளும் காலியாகத் தெரிந்தன.

"மெஷினுக்கு இன்னும் ரெண்டு சொட்டு ஊத்தியிருக்கலாம், கஞ்சப் பதிவாளரே. தாய்க்குக் கோவம்," என்றார் ருஃபினோ. "புதுசா போட்டுறலாம். அழுத்தும்மா."

"கைய எடுங்க தலைவரே. அழுத்துனா எங்கப்பாவோட சேத்து எல்லாம் போயிரும்."

வெளியே பெஞ்சில் எலியோதோரோ இருமிக்கொண்டிருந்தார்.

அவள் கணினியின் அமைப்புத் திரையைத் திறந்தாள். மூலையில் 2009 ஜனவரி முதல் தேதி என்றிருந்தது.

"வருசம் தப்பாருக்கே," என்றேன்.

அவள் அந்த வருடத்தை விரலால் தொட்டாள். "பாட்டரி செத்துருச்சு. கரண்டும் இல்லாம வெச்ச செட்டிங்கெல்லாம் மறந்துருச்சு. ரெண்டு தட்டையும் ஒண்ணா சேத்து ஓடுற முறையில நான் வெச்சிருந்தேன். இப்ப தனித்தனியா பாக்குது. பதிவு பாதி இதுல, பாதி அதுல."

"மாத்தி வெச்சிரு, முடிஞ்சுது," என்றார் ருஃபினோ.

"நான் வர்றதுக்கு முந்தி எதையாச்சும் அழுத்துனீங்களா?"

அவர் தொப்பியைச் சுழற்றினார். "அடுத்ததுன்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரே தடவ."

அந்த ஒரு அழுத்தலில் தட்டில் ஏதாவது எழுதப்பட்டிருந்தால், முறையை மாற்றியும் பயனில்லை. நியேவெஸ் பென்டிரைவைப் பிடுங்கினாள். கடையிலிருந்து நான் வாங்கிவந்த புது பாட்டரியைப் பொருத்தினாள். மறுபடி அமைப்புத் திரைக்குப் போய்ச் சேமிப்பு முறையை மாற்றினாள். சேமிக்கலாமா என்று திரை கேட்டது. அவள் விரல் 'ஆம்' மீது நின்றது.

"என்னாச்சு மகளே?" வெளியிலிருந்து அப்பாவின் குரல்.

"ஒண்ணுமில்ல தாத்தா," என்றாள். எங்களூரில் அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

திரை இருண்டது. இருமல் சத்தமும் நின்றிருந்தது. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. மூவரும் கதவைப் பார்த்தோம். பிறகு ஒரு நீண்ட இருமல். திரையில் இரண்டு தட்டுகளின் பெயர்களும் ஒரே வரியின் கீழ் வந்தன.

பதிவேட்டைத் திறந்தாள்: காயோ, எலியோதோரோ. எல்லா ஆண்டுகளும் இருந்தன. அச்செடுத்து அன்றே ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்பினோம். முதலில் வந்த கடிதம் முத்திரை சரியில்லை என்றது. அடுத்தது காத்திருக்கச் சொன்னது. ஒவ்வொரு தபாலுக்கும் நியேவெஸ் வாசலில் நின்றாள்; பின்னால் அந்த இருமல் மெலிந்துகொண்டே போனது.

ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டது என்ற கடைசிக் கடிதத்தை எலியோதோரோ தாமே கையெழுத்திட்டு வாங்கினார். வந்த தேதி, 29 ஏப்ரல் 2019.