மலை முனையில் இரண்டு ஆணி

கிரிக்கெட்டைக் கனவான்களின் ஆட்டம் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழு வருஷம் விக்கெட் கீப்பராகக் குனிந்து நிமிர்ந்தவன் நான். ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அந்த வெள்ளைச் சட்டைக்குள்ளே யார் யார் என்ன லட்சணத்தில் இருக்கிறார்கள் என்று. அடுத்தவன் கதை எதற்கு? என் கதையையே சொல்கிறேன்.

ஐம்பதுகள் முடிகிற சமயம். திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் நான் கிளார்க். என் அக்காவைக் கட்டிய மச்சானுக்கும் அங்கேதான் வேலை. நான் ஆபீஸில், அவர் சுண்ணாம்புத் தொட்டியில். ஊறிய தோலை இழுத்துப் போட்டு முடி வழிக்க வேண்டும். நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கிடந்தால் என்ன ஆகும்? விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி, சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பார். “இன்னும் ரெண்டு மூணு வருஷம் இதே வேலை பார்த்தா விரலை மடக்க முடியாது. வேற பொழப்பு பாருப்பா” என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு பிழைப்புக்கு எங்கே போவது? மச்சான் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், வேகப்பந்து.

அப்படி ஒரு வேகம்! முதலாளிக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்பதால் ஷாப்புக்கென்று ஒரு அணி வைத்திருந்தார். மச்சான் பந்து போட ஓடி வரும்போது, மட்டையோடு நிற்பவர் எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்கும். ரயில்வேயில் அப்போது நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தார்கள். அப்படி ஆள் பொறுக்கும் அதிகாரி ஒருவர் மச்சானைப் பற்றிக் கேள்விப்பட்டு, மதுரை அணியோடு நாங்கள் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் திருச்சியில் வேலை, சுண்ணாம்புத் தொட்டிக்குத் தலைமுழுக்கு. அக்கா ஐந்து வேளைத் தொழுகையிலும் இதையே கேட்டு துஆ செய்துகொண்டிருந்தாள்.

மச்சானுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதற்கு முந்தின ஆட்டத்தில், அவுட் கொடுக்காத அம்பயரைப் பார்த்துக் கத்திவிட்டு ஸ்டம்பை எட்டி உதைத்திருந்தார். ஜில்லா கிரிக்கெட் சங்கத்திலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். இன்னொரு புகார் வந்தால் தடை என்று எழுதியிருந்தது.

“தடைன்னா எம்புட்டு நாளைக்கு மாப்ளே?”

“போடலை மச்சான். அவங்க இஷ்டம்.”

நேரமும் அப்படிப்பட்ட நேரம். டெஸ்ட் ஆட வந்த ஒரு வெளிநாட்டு அணி, சொன்ன பேச்சைக் கேட்காமல் தலை உயரத்துக்குப் பந்து போடுகிறார் என்று, தன் சொந்த வேகப்பந்துவீச்சாளரையே பாதிப் பயணத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டது. டீக்கடையில் ஒருவர் பேப்பரைப் பார்த்து அதைச் சத்தமாக வாசித்தார். “டெஸ்ட் ஆடுறவனையே பொட்டியக் கட்டுன்னுட்டானுக. இனிமே எவன் துள்ளுனாலும் வெட்டுதான்” என்றார். மச்சான் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

எங்கள் ஊர் மைதானத்தில் புல் பிட்ச் ஏது? செம்மண் தரையில் தேங்காய் நார்ப் பாயை, அதாவது மேட்டை, விரித்து, ஓரம் நெடுக இரும்பு ஆணி அடித்து இறுக்குவோம். வெயில் ஏற ஏற மேட் தொய்யும். அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளூர் அணியின் கீப்பர் சுத்தியலோடு போய் ஆணிகளை மறுபடி அடித்து இறுக்கிவிட்டு, ஸ்கோர் புத்தகத்தில் ‘மேட் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கீப்பர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அம்பயர்கூடத் திரும்பப் பார்க்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று என்பதே இல்லை. மலைக்கோட்டைப் பாறை வாங்கிய வெயிலை எல்லாம் எங்கள் மேல் திருப்பி அடித்தது. ஷாப்புப் பக்கமிருந்து பருந்துகள் வந்து மைதானத்துக்கு மேலே வட்டம் போட்டன. எனக்கு அது பிடிக்கவில்லை. கல்லெடுத்து எறிந்து பார்த்தேன், போகவில்லை.

மதுரைக்காரர்கள் முதலில் ஆடினார்கள். காலை முழுக்க மச்சான் உயிரைக் கொடுத்துப் பந்து போட்டும் ஒரு விக்கெட் விழவில்லை. மேட் கல்லாட்டம் இறுக்கமாக இருந்தது, பந்து ஒரே உயரத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய முதல் ஆட்டக்காரர் ஒரு கல்லூரி வாத்தியார், சாதுவான மனிதர். ஓவருக்கு நடுவில் என்னிடம் திரும்பி, “உங்க ஆளு நல்லாத்தான் போடுறாரு. மேட் மட்டும் கொஞ்சம் கோளாறு பண்ணுச்சுன்னா நான் தொலைஞ்சேன்” என்று சிரித்தார். ரயில்வே அதிகாரி குடைக்கு அடியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் என்னைக் கெடுத்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மச்சான் ரோட்டு முனையிலிருந்து போடுவார், பந்து மலை முனையில் குத்தும். அந்த முனையில், பந்து குத்துகிற இடத்தை ஒட்டி, இரண்டு ஆணியை மட்டும் பாதி உருவிவிட்டேன். மேட்டைக் காலால் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு மடிப்பு வைத்தேன். பந்து கொஞ்சம் துள்ளும், ஒரு கேட்ச் வரும், அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. ஸ்கோர் புத்தகத்தில் ‘மேட் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் போட்ட முதல் பந்து வாத்தியாரின் தோளை உரசி எழும்பி என் தலைக்கு மேலே போனது. அதிகாரி குடையைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டாவது பந்து நெஞ்சில் பட்டது. வாத்தியார் தேய்த்துக்கொண்டே சிரிக்க முயன்றார். அப்போதே நான் ‘நிறுத்துங்க, மேட் தளர்ந்திருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. யா அல்லா, வாய் வரைக்கும்தான் வந்தது. மூன்றாவது பந்து அவருடைய இடது கண்ணில் விழுந்தது. கட்டை உடைகிற சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. அவர் உட்கார்ந்தார், பிறகு அப்படியே சாய்ந்தார்.

எல்லோரும் ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். நிலக்கோட்டைக்குப் பூ ஏற்றிப் போகிற வேன் ஒன்று ரோட்டில் வந்தது, அதை மறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அந்தக் களேபரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து கையுறையை எடுப்பது போலப் போய், அந்த இரண்டு ஆணியையும் குதிகாலால் மிதித்து இறக்கினேன். மனுஷனா நான்? அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். வாத்தியாருக்கு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை என்று இரண்டு வாரத்தில் தகவல் வந்தது.

அதற்கடுத்த வாரம் விசாரணை. சங்கத்தின் ஆபீஸ் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவர், வக்கீல். மேசை மேல் டெஸ்ட் ஆட்டக்காரரை ஊருக்கு அனுப்பிய செய்தி வந்த பேப்பர் கிடந்தது. யாரோ அதை எடுத்து வைத்திருந்தார்கள் என்றால், முடிவும் முன்னாலேயே எடுத்தாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். புண் தெரியக் கூடாது என்று அப்படி நின்றாரோ என்னவோ.

தலைவர் என்னைப் பார்த்து இங்கிலீஷிலேயே கேட்டார். கனவான்கள் அல்லவா, தமிழில் விசாரித்தால் கௌரவம் குறைந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் மேட்டை இறுக்கினாயா, இந்தக் கையெழுத்து உன்னுடையதா என்பதுதான் கேள்வி. மேட் சரியாக இருந்தது என்றால் பந்து வேண்டுமென்றே போட்டது. மேட் தளர்ந்திருந்தது என்றால் தவறு கீப்பருடையது. நடுவில் வேறு வழி கிடையாது. ‘நான்தான் உருவினேன்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் மச்சான் தப்பினார். எனக்கு ஆட்டமும் போகும், முதலாளி மானம் போன கோபத்தில் என் வேலையும் போகும், ஒரு மனிதனின் கண் என் தலையில் விழும்.

மேட் இறுக்கமாகத்தான் இருந்தது என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன்.

மச்சான் என் பக்கம் குனிந்து, “என்னடா கேக்குறாக?” என்றார்.

“சும்மாதான் மச்சான். என்னைக்கு ஆட்டம், யாரு கீப்பர்னு கேக்குறாங்க” என்றேன்.

மூன்று வருஷத் தடை. மாநிலத்தில் எந்த மைதானத்திலும் பந்தைத் தொடக் கூடாது. தடையில் இருப்பவனுக்கு ரயில்வேயில் ஏது இடம்? அதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. சொன்னேன். மச்சான் மேசையை உதைப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். “சரி, போலாம்” என்று மட்டும் சொன்னார். அந்தக் கோபக்காரர் கோபப்படாதது எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

ஒரு வருஷம் ஓடியது. அவர் காலையில் தொட்டிக்குப் போவதை ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சுண்டுவிரல் மடங்காமல் போனது, பிறகு அடுத்த விரல். பந்தைப் பிடிக்க இன்னும் மூன்று விரல் மிச்சம். ரயில்வேயில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள், அவருடைய வயதுக்கு இதுதான் கடைசித் தடவை என்று கேள்விப்பட்டதும், என்னால் தாங்க முடியவில்லை. சங்கத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வருவது வரட்டும். முதலில் அவரிடம் சொல்ல வேண்டுமே என்று பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தோல் காயப்போடும் முற்றத்துக்குப் போனேன். மச்சான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆணியை உருவியது, மிதித்து இறக்கியது, இங்கிலீஷில் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நின்றேன்.

“மேட்டுன்னா இங்கிலீஷ்லயும் மேட்டுதானடா” என்றார். “நீ என்ன சொன்னேன்னு அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுச்சு.”

“அப்புறம் ஏன் மச்சான் சும்மா இருந்தீங்க? இப்பப் போயிச் சொல்லிடுறேன். தடைய எடுத்துருவாங்க.”

“ஏலே, செத்த நேரம் உக்காரு.” துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினார். “மொதப் பந்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அங்க மடிப்பு கெடக்குன்னு. ரெண்டாவத அதுலயே போட்டேன். மூணாவதையும் பார்த்துதான் அதுலயே போட்டேன். அந்தப் பெரிய மனுசன் கொடையச் சாச்சுப் பார்த்தாருல்ல, அதான். வாத்தியாரு வெலகிருவாருன்னு நெனச்சேன். வெலகல.”

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு வருஷமாக நான் தூக்கமில்லாமல் செத்துக்கொண்டிருக்க, இந்த ஆள் தெரிந்தே போட்டிருக்கிறார்! அடுத்து வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த நிம்மதியைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

“நீ போயிச் சொன்னா என்னையும் கூப்புட்டுக் கேப்பாக” என்றார். “எனக்குப் பொய் சொல்ல வராது. அந்தாளுக்குக் கண்ணு போச்சு, எனக்கு வெரலு போகுது. விட்டுரு.”

நான் சங்கத்துக்குப் போகவில்லை. அந்த வருஷம் ரயில்வேக்கு வடமதுரைப் பக்கத்துப் பையன் ஒருவனை எடுத்தார்கள். சுமாராகத்தான் போடுவான்.

அவனை எடுத்த செய்தி வந்த வாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு. மச்சானும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். விரல் மடங்காததால் அவருக்கு மட்டும் தட்டில் கரண்டி வைத்திருந்தாள் அக்கா. சங்கத் தலைவரை வாய் ஓயாமல் வைதுகொண்டே தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தாள். “என் புருசன் கைய இப்புடி ஆக்குனவன் உருப்புடுவானா?” என்றாள். மச்சான் தலை நிமிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பியபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

“ஒன்ன மறக்க மாட்டேன் தம்பி. அன்னைக்கு அந்த ரூம்புக்குள்ள நீ ஒத்த ஆளா இவருக்காக இங்கிலீஷ்ல அம்புட்டு வாதாடுனியாம். அவருதான் சொன்னாரு. கூடப் பொறந்தவன்னா இப்புடில்ல இருக்கணும்.”

சட்டியில் கடைசியாக இருந்த கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் அதைத் தின்றேன்.