ஒன்பது கிலோ புத்தர்

குத்துவிளக்கின் தண்டை நகத்தால் ஒரு சுண்டு. காதைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடி, ஓசை அடங்கும்வரை காத்திருக்கிறார் ஸ்ரீகுமார். திரியோடு ஐயர் காத்திருக்கிறார். மொன்றியலை அடுத்த புரோசார்டில் புது வீடு வாங்கிய புஷ்பவதியும் விருந்தாளிகள் நாற்பது பேரும் காத்திருக்கிறார்கள். "காரீயம் ஜாஸ்தி. மூணே வருஷத்துல கறுத்துடும்" என்று கடைசியில் தீர்ப்பு வருகிறது.

"நான் கேக்கேல்லையே, சேர்" என்றார் புஷ்பவதி.

கேட்டால்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டால் ஸ்ரீகுமார் வாயே திறக்க முடியாது. மொன்றியலில் முப்பத்தோரு வருடம் உலோகவியல் சொல்லிக்கொடுத்தவர். ஒருமுறை விமானத் தொழிற்சாலை ஒன்றுக்கு வந்த திருகாணிகளை, லாரி லாரியாக, கலவை சரியில்லை என்று திருப்பி அனுப்ப வைத்தார். விற்றவர்கள் கெஞ்சினார்கள், பயமுறுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. "மனுஷா சொல்றதை விடு, உலோகம் என்ன சொல்றதுன்னு பாரு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஓய்வு பெற்ற பிறகு விமானம் கிடைக்காததால் ஊரார் வீட்டுப் பாத்திரங்களுக்கு வந்திருக்கிறார். அவர் தலை தெரிந்ததும் பெண்கள் முந்தானையை இழுத்து வளையல்களை மூடிக்கொள்கிறார்கள்.

கர்க்லாண்டில் இருக்கும் அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு பர்மியப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். முழங்கை உயரம். நெற்றியில் அகலமான பட்டை, மடிப்பு மடிப்பாக அங்கி, தோளைத் தொடும் காதுகள். வலக்கை பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, விரல்கள் நான்கும் ஒரே நீளம். மனைவி அலமு வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்குக் குங்குமம் வைப்பார். சனிக்கிழமை தவறாமல் இவர் அதைத் துடைப்பார்.

வருகிறவர்களுக்கு முதலில் சரித்திரம், பிறகுதான் காபி. மிண்டோன் மன்னர் மாந்தலேயில் புதுத் தலைநகர் எழுப்பியது, வார்ப்புக்காரர்கள் கையில் இந்த முகம் பிறந்தது, 1885இல் ஆங்கிலேயர் வந்து தீபோ மன்னரை மாட்டுவண்டியிலும் பிறகு கப்பலிலும் ஏற்றிக்கொண்டுபோய் ரத்தினகிரியில் விட்டது, புத்தர்கள் பெட்டி பெட்டியாகக் கடல் தாண்டியது என்று வரிசையாக வரும். தெரியாமல் இடையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மறுபடி மிண்டோனிலிருந்து ஆரம்பிப்பார்.

கடைசியில் கதைக்குள் அவருடைய அப்பா வருவார். ரங்கூன் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், பக்கத்து மடத்துப் பிக்கு இந்தப் புத்தரைப் போர்வையில் சுற்றி அவரிடம் கொடுத்தாராம். அதைச் சுமந்துகொண்டு பிரோம் வழியாக அரக்கான் மலை ஏறி, காலராவில் விழுந்து கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி சிட்டகாங் வந்து சேர்ந்தாராம். "சொம்பைக்கூடத் தூக்கிப் போட்டுட்டாளாம் எல்லாரும். அப்பா இவரை விடலை" என்னும்போது ஸ்ரீகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். அது நடிப்பு இல்லை. பாக்கிச் சில்லறை கேட்கக்கூட பஸ் கண்டக்டரிடம் பயந்த மனிதர் அந்த அப்பா. ஆபீசிலும் வீட்டிலும் வாயில்லாப் பூச்சி. மகன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு நடைதான் இருந்தது.

விமானத்தில் கொண்டுவந்தபோது எடை போட்டார்கள், ஒன்பது கிலோ. பட்டினியோடு ஒரு மனிதன் ஒன்பது கிலோவை மலைமேல் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா என்று ஸ்ரீகுமார் யாரிடமும் விவாதித்ததில்லை. ஊரில் இருக்கும் உலோகத்தையெல்லாம் சுண்டிப் பார்த்தவர் இந்தப் புத்தரை மட்டும் ஒருநாளும் சுண்டியதில்லை. பீடத்தின் அடியில் பச்சை வெல்வெட் ஒட்டியிருக்கிறார், மேஜை கீறிவிடுமாம். அலமு சொல்வது வேறு. "அடியில வட்ட வட்டமா கோடு இருந்தது, இந்தக் காலத்து மிஷின் போட்டுத் தேய்ச்ச மாதிரி. அதை அவர் பாத்த மறுநாள்தான் துணி வாங்கிண்டு வந்தார்" என்று சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொல்வார். கணவரிடம் இதுவரை கேட்டதில்லை.

போன ஞாயிறு பிற்பகல் கத்தரின் வந்தாள். ஸ்ரீகுமாரின் பழைய மாணவி, இப்போது அவருடைய பழைய ஆய்வுக்கூடமே அவள் பொறுப்பில். பையில் புதுக் கருவி ஒன்று இருந்தது. தலை உலர்த்தும் கருவி அளவுதான். அதன் மூக்கை உலோகத்தில் வைத்து அழுத்தி விசையை இழுத்தால் எக்ஸ் கதிர் பாய்ந்து, உள்ளே என்னென்ன எத்தனை சதவீதம் என்று பத்து நொடியில் திரையில் வந்துவிடும். கீறல்கூட விழாது.

பெரியவர் குழந்தையாகிவிட்டார். பொங்கல் பானை, பூஜை மணி, வாசல் சாவி, பழைய கரண்டி என்று வீட்டைப் புரட்டிப் போட்டுச் சோதித்தார். அலமுவின் தாலிக்கொடியை ஒரு நிமிடம் கழற்றித் தரச் சொன்னார். "கிட்ட வந்தேள்னா தெரியும்" என்று அலமு உள்ளே போய்விட்டார்.

"அடுத்தது இவர்" என்று கத்தரின் பிரெஞ்சில் சொல்லிப் புத்தர் பக்கம் திரும்பினாள்.

ஸ்ரீகுமார் மிண்டோனிலிருந்து ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள், ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டவள். அப்பா சிட்டகாங் வந்து சேர்ந்ததும் கருவியை எடுத்தாள். "செம்பும் வெள்ளீயமும் வந்தால் கதைக்குப் பொருந்தும். துத்தநாகம் எக்கச்சக்கமாக வந்து, கூடவே அலுமினியமும் தலைகாட்டினால், பிற்காலத்தில் யாரோ கழிவை உருக்கி வார்த்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே, ப்ரொஃபெஸர்."

"ஆமாம்" என்றார் அவர். மாணவியிடம் வேறென்ன சொல்வார்?

சமையலறை வாசலில் தட்டோடு நின்ற அலமு தமிழில் சொன்னார்: "முதல்ல பஜ்ஜி சாப்பிடச் சொல்லுங்கோ. ஆறிடும்."

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. மேஜை விளக்கை நகர்த்தி அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். கத்தரின் குனிந்து, கருவியின் மூக்கைப் புத்தரின் மார்புக்கு நேரே கொண்டுபோனாள். விரல் விசைக்குப் போனது. அப்போது குறுக்கே ஒரு கை வந்து மார்பை மூடியது.

"ப்ரொஃபெஸர், கை!" அவள் பதறிப்போனாள். கதிர் வரும் வழியில் உடம்பைக் கொண்டுபோகாதே என்பது அவர் முதல் வகுப்பிலேயே எல்லோரையும் மிரட்டிச் சொன்ன பாடம். "கையை எடுங்கள்."

ஸ்ரீகுமார் எடுக்கவில்லை. மற்றக் கையையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்துக்கொண்டார்.