எட்டு மடங்கு போதாது

ஜப்பார் பாய் காலமான செய்தி எனக்கு வந்தபோது அடக்கம் முடிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மலாக்காவில் அவர் கடை இருந்த காஜா பெராங்கிலிருந்து, நான் இருக்கும் புக்கிட் ரம்பாய்க்குப் பேருந்து பிடித்து வந்த பள்ளிவாசல் ஊழியர் வாசலில் நின்றபடியே சொன்னார். பாய் யாரையும் காக்க வைக்காமல் போய்விட்டார். காத்திருப்பது எப்போதும் அவருடைய பங்கு. அதை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவருடைய கடையில் மூக்குக்கண்ணாடி செய்துகொண்டவர்கள் இதைப் படிக்கக்கூடும். அந்தக் கண்ணாடி வழியாகவே படிப்பீர்கள் என்றும் நம்புகிறேன். அவர் மாட்டிவிட்டது லேசில் கழன்று விழாது. கடையையும் அவரையும் உங்களுக்குத் தெரியும். இரண்டு பைனாகுலர்களின் கதை தெரிந்திருக்காது. அதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஜப்பானியர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், ரப்பர் தோட்டத் துரைமார் இருவர் ஆளுக்கொரு பைனாகுலரை அவரிடம் விட்டுப் போனார்கள். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக இருவருமே சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டது. பாய் மட்டும் சொன்ன நாளில் பூஞ்சையைத் துடைத்து, ரசீதைக் கட்டி, அலமாரியில் வைத்தார்.

இரண்டும் ஒரே ஜெர்மன் தொழிற்சாலையில் செய்தவை. இரண்டும் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். எடைகூட ஒன்றுதான். ஒன்றில் நடுவே ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் இரு கண்ணுக்கும் ஒருசேரத் தெளியும். மற்றதில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் ஈரம் உள்ளே போக இடுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு மனிதனின் உயிர் இதில் மாட்டிக்கொள்ளும் என்று தொழிற்சாலையில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போது நான் கடையின் மாடியில் குடியிருந்தேன். ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். கம்பெனி மூடியதும் வெறும் ஆளானேன். வானொலி, கேமரா, பைனாகுலர் வைத்திருப்பவர்கள் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று ஜப்பானியர் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

"பாய், கொடுத்துடுங்க. தலை போயிடும்."

"உங்க சாமான ஒப்படைங்கன்னுதானே போட்டிருக்கான்? இது என் சாமான் இல்லையே கிராணி. அமானிதம்."

நம்பி ஒருவர் விட்டுச் சென்ற பொருளுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. உரியவர் வரும்வரை காக்க வேண்டும். நம் ஆசைக்கு அதை எடுத்துப் பயன்படுத்தவும் கூடாது. ராணுவ நிர்வாகத்துக்கு இந்தச் சட்டம் தெரியாது.

மறு வருடம் ஒரு ஜப்பானிய அதிகாரி தன் மூக்குக்கண்ணாடியைப் பழுதுபார்க்க வந்து, புதுக்கண்ணாடி வழியாக முதலில் பார்த்த பொருளே அலமாரிதான். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரோ கோபப்படவில்லை. இரண்டையும் கையில் எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் எடை பார்த்தார். அரைகுறை மலாயில் விளக்கினார்: இரண்டையும் எடுத்தால் அது கொள்ளை, ராணுவம் கொள்ளையடிக்காது. ஒன்றை எடுத்தால் அன்பளிப்பு.

"மானா பகுஸ்?" என்றார். எது நல்லது?

பாய் உண்மையைச் சொன்னார். "தெரியாது துவான். சோதிக்கணும்."

பதினான்கு நாள் தவணையும், முத்திரை குத்திய ஒரு தாளும் கிடைத்தன. பாயும் நானும் சோதனைக்காகத் தூரத்தில் உள்ளவற்றைப் பார்க்கலாம் என்றது தாள். நல்லதைத் தேர்ந்து கொடுத்தால் பதிலுக்கு ஒன்று கேட்கலாம் என்றும் அதிகாரி சொல்லிப் போனார்.

அந்த வாரமே சயாமுக்கு ஆள் அனுப்பும் பட்டியலில் என் பெயர் வந்தது. வேலையற்றவர்களுக்கு ரயில் பாதை போடும் வேலை கொடுக்கும் நல்லெண்ணத் திட்டம். எங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே ஒன்பது பேர் போயிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, வேலை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது போலும்.

மலாக்காவில் தூரத்தைப் பார்க்க அனுமதி பெற்றவர்கள் நாங்கள் இருவர்தான் என்று நினைக்கிறேன். அதன் பலன் உடனே தெரிந்தது. நாங்கள் உளவு பார்ப்பதாகத் தெரு முடிவு செய்தது. பக்கத்துக் காப்பிக்கடையின் சீன முதலாளி, தவுக்கே, எங்களைக் கண்டால் மேசையைத் துடைக்கத் தொடங்குவார், நாங்கள் எழுந்து போகும்வரை துடைப்பார். இரண்டு வாரம் எங்களோடு பேசியவர்கள் நாங்களே.

மாடி ஜன்னல்தான் சோதனைச்சாலை. தெங்கேரா பள்ளிவாசல் மினாராவின் ஓடுகளை எண்ணுவோம். வெள்ளை வானத்தில் தகரக்கூரையின் விளிம்பைப் பார்த்து, ஓரத்தில் ஊதாக்கோடு எதில் தடிப்பாகத் தெரிகிறது என்று குறிப்போம். பொழுது சாய்கையில் தென்னங்குலையில் எத்தனை காய் என்று போட்டி.

"நடுத்திருகுதான் மேல், பாய். குருவி பறக்குறதுக்குள்ள பாத்துடலாம்."

"பொறுமை இல்லாத ஆளுக்குத் திருகு. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததுக்கும் அதான் காரணம்."

"ஊதாக்கோடு உங்களதுலதான் தடிப்பா இருக்கு."

"உங்க கண்ணுல இருக்கு கோடு. வாங்க, கண்ணாடி போட்டுவிடுறேன்."

இப்படியே பதின்மூன்று நாள். ஒரு நாள் மட்டும் அவர் பைனாகுலரைத் தெங்கேராவுக்கும் அப்பால், கடல் பக்கம் திருப்பியதைப் பார்த்தேன். அவருடைய மனைவி கீழக்கரையில் இருந்தார். கப்பல் நின்றபின் ஊரிலிருந்து ஒரு வரி வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் பார்த்திருப்பார். கீழே வைத்து, கண்படும் பகுதியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"எட்டு மடங்கு போதாதுங்க," என்றார்.

அதிகாரிகளிடம் கொடுத்தால் பினாங்கு போய், அங்கிருந்து இந்தியாவுக்குக் கடிதம் போக ஒரு வழி இருக்கிறது என்று முன்பே கடைத்தெருவில் பேச்சு உண்டு. பாய் நான்கு பக்கம் எழுதி உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதிலுக்கு அவர் கேட்கப்போவது அதுதான் என்று எனக்குத் தெரியும். நான் என் பெட்டியைக் கட்டி முடித்திருந்தேன்.

பதினான்காம் நாள் காலை அவர் நடுத்திருகு உள்ளதை எடுத்து மேசையில் வைத்தார். அதுதான் ஒரு மயிரிழை மேல் என்றார்.

"இத்தனை நாள் இல்லேன்னு சண்டை போட்டீங்களே?"

"போடாட்டி நீங்க அந்தப் பட்டியலையே நினைச்சிட்டு உட்காந்திருப்பீங்க."

"அப்ப மட்டமானதக் கொடுங்களேன். அவனுக்கு என்ன தெரியப்போவுது?"

"நல்லதக் கேட்டான். அமானிதத்த விடுறது ஒரு பாவம். பொய்யும் சேத்து ரெண்டாக்கணுமா?"

அதிகாரி வந்தார், பார்த்தார், சிரித்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். பாயின் கை சட்டைப்பைக்குப் போனது. உறையின் முனை வெளியே தெரிந்தது. பிறகு கை அதை உள்ளே தள்ளிவிட்டு, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. "துவான், இந்தக் கிராணி இல்லாட்டி என் கடை நடக்காது. பட்டியல்லேர்ந்து பேரை எடுக்கணும்," என்றார். கடையில் ஒரு நாள்கூட நான் வேலை பார்த்ததில்லை. அதிகாரி என் பேனாவையே வாங்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பொய் சேர்த்து இரண்டாக்க மாட்டேன் என்றவர் அரை மணி நேரத்தில் அதைச் செய்தார்.

அன்று சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "அது கெட்டுப்போற சாமான் இல்லையே," என்றார்.

போர் முடிந்து தபால் ஓடத் தொடங்கியபின் கீழக்கரையிலிருந்து முதல் கடிதம் வந்தது. மனைவி கப்பல் நின்ற முதல் வருடமே தவறியிருந்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பாத்தீங்களா, அன்னிக்கு அனுப்பியிருந்தா வீணாப் போயிருக்கும்," என்றார். இறந்தது அவருடைய மனைவி. ஆறுதல் சொன்னது எனக்கு.

ஒரு துரை திரும்பி வந்தார், நடுத்திருகுக்காரர். பாய் நடந்ததைச் சொன்னார். துரை மிச்சமிருந்ததை எடுத்துக் கண்ணில் வைத்து, "இதுதான் என்னுடையது, எட்டு வருடம் பார்த்த கண்ணாடி எனக்குத் தெரியாதா," என்றார். நாங்கள் பதினான்கு நாள் பிரித்துப் பார்த்த வித்தியாசம் உரியவருக்குத் தெரியவில்லை. கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். பாய் கொடுக்கவில்லை. அது இன்னொருவருடையது. துரை கத்திவிட்டுப் போனார்.

அந்த இன்னொருவர் வரவே இல்லை. பாய் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து வந்து அந்தப் பைனாகுலரின் பெட்டியைத் திறந்து துடைத்து வைத்தார். கண்ணில் வைத்து அவர் பார்த்து நான் கண்டதில்லை. ஊருக்கும் அவர் போகவில்லை. நான் வேலை, கல்யாணம் என்று புக்கிட் ரம்பாய்க்கு வந்தேன். முதலில் வாரம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன், பிறகு பெருநாளுக்கு, பிறகு கண்ணாடி மாற்ற. தூரம் அதிகமில்லை. பேருந்து இருந்தது.

பள்ளிவாசல் ஊழியர் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்துப் போனார். ரசீது அப்படியே கட்டியிருந்தது: "பூஞ்சை எடுத்தாச்சு. துரை வந்தால் கொடுக்கவும்." பைனாகுலருக்கு அடியில் அந்த உறை இருந்தது, ஒட்டியபடியே.

நான் பிரிக்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைக்கவும் இல்லை. ஒன்று துரைக்கு, ஒன்று அந்த அம்மாளுக்கு. இருவரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பாய்க்கும் தெரிந்துதான் இருக்கும். வீட்டில் இப்போது நான் மட்டும். எது மேல் என்று சண்டை போட ஆள் இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை. பெட்டியைத் திறந்து, துடைத்து, மூடி வைத்தேன்.