ஊரே திருப்பி வைத்த தேங்காய்

செல்லம்மா மாமி போய்விட்டார் என்ற செய்தியை என் தம்பிதான் பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஓடிவந்து சொன்னான். நான் நம்பவில்லை. அதற்கு முந்திய கிழமைதான், ஊர் வைத்தியரான பரியாரியார் பேதிக்கு மருந்து கலக்கி வைத்துக்கொண்டு அவனைத் தேடித் திரிகிறார் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, ஒரு பகல் முழுக்க அவனை வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்திருக்கச் செய்திருந்தேன். பழிதீர்க்க வந்திருக்கிறான் என்று நினைத்து, "நடிப்புக் காணாது, கொஞ்சம் அழு பாப்பம்" என்றேன். அவன் அழவில்லை. "அக்கா, வா" என்று மட்டும் சொல்லி என் புத்தகங்களை வாங்கிக்கொண்டான். ஒருநாளும் என் புத்தகத்தைத் தூக்காதவன். அப்போதுதான் நம்பினேன்.

இன்று மாமியின் அந்தியேட்டி. முப்பத்தொரு நாள் ஓடிவிட்டது. கையால் எழுதிச் சேர்க்கும் இந்த நினைவுப் புத்தகத்தில் பெரியவர்கள் எல்லோரும் வெண்பா பாடியிருக்கிறார்கள். மாமியின் தம்பி மனைவி நாகம்மா மாமி என்னைக் கூப்பிட்டு, "நீதானே வேலிப் பொட்டுக்குள்ளாலை நாளுக்குப் பத்துத்தரம் போய் வந்தனி. நீயும் ஏதும் எழுது. ஆனால் குரங்குச் சேட்டை விடாமல் எழுது" என்றார். எனக்கு வெண்பா வராது; முளைத்த தேங்காய்க்குள் உருண்டையாய்த் திரளும், தின்ன இனிக்கும் வெண்பூரான்தான் தெரியும். ஆகையால் தேங்காயைப் பற்றியே எழுதுகிறேன். சேட்டை விடாமல் எழுதினால், எழுதியது யாரென்று செல்லம்மா மாமிக்கே தெரியாமல் போய்விடும்.

தூரத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான்; அதில் நான் புகுந்து போகும் ஓட்டைதான் அந்தப் பொட்டு. மாமி முப்பது வருஷம் மலாயாவில் இருந்தவர். அவருடைய கணவர் அங்கே ரயில்வேயில் வேலை பார்த்து, அங்கேயே காலமானார். பிள்ளைகள் இல்லை. மாமி தன் சீதன வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது சாவகச்சேரி ஸ்டேஷனில் இறங்கியவை ஒரு தகரப் பெட்டி, கணவரின் ரயில்வே விசில், ஒரு சாக்கு. சாக்குக்குள் மட்டையோடு ஒரு தேங்காய். ஐந்து காய்கள் புறப்பட்டனவாம். நான்கு கொழும்பு வருமுன்னே வெடித்துவிட்டன.

நாகம்மா மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கொடிகாமச் சந்தையிலை தேங்காய் இல்லையெண்டோ மச்சாள் கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

"குவாட்டர்ஸ் முத்தத்திலை அவர் நட்ட மரத்தின்ரை காய், நாகம்மா. மரத்தைக் கொண்டுவர ஏலாது. இதாவது இஞ்சை நிக்கட்டும்" என்றார் மாமி. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு காய் என்பதும், அது முளைக்காவிட்டால் வேறு இல்லை என்பதும் எல்லோருக்கும் விளங்கியது. அதுதான் வில்லங்கமாகிவிட்டது.

மாமி கிணற்றடியில் மணலைத் தோண்டி, காயைப் பாதி தெரியப் படுக்க வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். என்னைக் கூப்பிட வேண்டுமானால் விசிலை ஊதுவார். "பொம்பிளை விசில் ஊதுறதோ!" என்று ஊர் முகத்தைச் சுளித்தது. "ரயில் வந்தாலும் ஊதுவன், பிள்ளை வரவேணுமெண்டாலும் ஊதுவன்" என்பார் மாமி.

இரண்டு மாதம் போயிற்று. மூன்றாம் மாதமும் போயிற்று. காய் அசையவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அது அசைந்தது! மாமி காயின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்புப் பொட்டு ஒன்று வைத்திருந்தார். திங்கட்கிழமை அந்தப் பொட்டு கிணற்றைப் பார்க்கும். செவ்வாய்க்கிழமை வானத்தைப் பார்க்கும். வியாழக்கிழமை காணாமலே போய்விடும்.

"கப்பலிலை வந்த ஆட்டம் உதுக்கு இன்னும் தீரேல்லைப் போல" என்று மாமி பகிடி விட்டார். ஆனால் ஒருநாள் காயை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணிச் சத்தம் குறைஞ்சு போச்சு, பிள்ளை" என்றார். அன்று அவருடைய முகத்தில் பகிடி இல்லை.

என் மூளைக்கு எட்டியது ஒன்றே ஒன்று: முளை. அம்மா பெட்டி இழைக்க வைத்திருந்த பனங்குருத்தில் ஒரு துண்டைக் கூராக நறுக்கி, இறுகச் சுருட்டி, மட்டையின் காம்புப் பக்கத்தில் ஓர் அங்குலம் வெளியே தெரியும்படி செருகிவிட்டேன். மாமியைச் சிரிக்க வைக்கத்தான் செய்தேன். ஆனால் மாமி சிரிக்கவில்லை. விசிலை எடுத்து ஊதத் தொடங்கிவிட்டார். மூச்சு விடாமல் ஊதினார். பக்கத்து வளவுகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

முதலில் வாய் திறந்தவர் வண்டிக்காரக் கந்தையா அண்ணை. "நான் அப்பவே நினைச்சனான், அக்கை! செவ்வாய்க்கிழமை காம்பு மேலை பாக்க நிமித்தி வைச்சது நான்தானே!"

"விசர்க்கதை கதையாதை" என்றார் பரியாரியார். "மற்றநாள் அதைச் சரிச்சு வைச்சது நான். சரிச்சபடியால்தான் முளைச்சது."

"அப்ப வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு வந்து நான் கிழக்காலை திருப்பினது?" என்றார் என் அம்மா.

"கிழக்கோ? நான் வடக்காலையெல்லோ திருப்பி விட்டனான்!" என்றார் நாகம்மா மாமி.

தேங்காய்க்கு மூன்று கண். ஊருக்கு முந்நூறு கண். இத்தனை கண்ணுக்கும் அந்தப் பனங்குருத்துத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் காய் முளைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், மற்றவர் வைத்தது பிழை என்று திருத்தி வைத்திருக்கிறார்கள். மாமி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து முளையை நன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இத்தினை பேர் உருட்டியும் முளைச்சிருக்கெண்டா உது லேசுப்பட்ட காய் இல்லை" என்றார் மாமி. "ஆனால் இனி ஒருதரும் கை வைக்கக்கூடாது. தொட்டால் முளை முறிஞ்சிடும்."

கந்தையா அண்ணை அன்றே எலுமிச்சை முள் வெட்டி வந்து சுற்றிவர அடைத்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு மாமி என் காதைப் பிடித்தார். "எடியே, பனங்குருத்துத் தெரியாமல் போறதுக்கு நான் என்ன மலாயாவிலேயே பிறந்தனான்?"

"பகிடிக்குத்தான் மாமி..."

"பகிடியோ? மூண்டு மாசமா ஆர் உருட்டுறதெண்டு தெரியாமல் கிடந்தனான். ஒரு விடியலிலை எல்லாரும் தாங்களாச் சொல்லிப்போட்டினம்." காதை விட்டார். "நாளையிண்டைக்கு உது வாடிப்போம். புதுசு ஒண்டு கொண்டு வா. ஒரு நெல்லளவு கூட நீட்டு வை. வளரவேணுமெல்லே?"

அதற்குப் பிறகு நான் தண்டனைக் கைதியல்ல, கூட்டாளி. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், நாங்கள் இருவரும் அந்தப் பனங்குருத்தை வளர்த்தோம். அது மிகவும் ஒழுங்காக வளர்ந்தது. அடுத்த வளவுக்காரர் முள்ளுக்கு வெளியே நின்று, "நல்லாய் வருகுது" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். காய் முதல்முறையாக ஒரே இடத்தில் அமைதியாகக் கிடந்தது.

ஒருநாள் பரியாரியார் முள்ளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கை, இரட்டைக் கன்று!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தோம். எங்கள் பனங்குருத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாய், யானைக்கன்றின் தந்தம்போல ஒன்று மட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றது. மாமி கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரிந்திராது. பரியாரியார் போன பிறகு, "மற்றதைப் பிடுங்கு, பிள்ளை" என்றார். "பாத்துப் பிடுங்கு. மாறிப் பிடுங்கிப்போடாதை." இரண்டையும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டே பிடுங்கினேன். இரட்டையில் ஒன்று பட்டுப்போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னோம். பரியாரியாரே, இதை வாசித்துக்கொண்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாமி சும்மா விட்டவர் அல்ல என்பதையும் எழுத வேண்டும். ஒருநாள் பூரான் இருக்கிறது, சாப்பிடு என்று வாழையிலையில் பொதிந்து தந்தார். வெள்ளையாய், உருண்டையாய் இருந்தது. ஆசையோடு கடித்தேன். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம். நான் நுரை தள்ள, மாமி கிணற்றுத் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கன்று நான்காவது ஓலை விட்டதும் மாமி முற்றத்தின் தெற்கு மூலையில் கிடங்கு வெட்டி, அடியில் பழைய தேங்காய் மட்டைகளை அடுக்கி, உப்பும் சாம்பலும் போட்டு வைத்தார். கன்றை மாற்றி நட நாளும் பார்த்தாயிற்று. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. படுத்திருந்தபடியே கேட்டார்: "இண்டைக்கு எப்பிடி நிக்குது?"

"நல்லா நிக்குது, மாமி."

"மெய்யோ?"

"மெய்தான்."

"உன்ரை வாயிலை மெய் வாறதைக் கேக்க எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். அதுதான் மாமி எனக்குச் சொன்ன கடைசிப் பகிடி. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு, மாமியின் தம்பி கன்றைக் கொடிகாமத்திலுள்ள தன் காணிக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். "அங்கை மண் நல்லம். இஞ்சை ஆர் பாக்கிறது?" கந்தையா அண்ணையின் வண்டியும் வந்து நின்றது. நான் வாய் திறக்குமுன் நாகம்மா மாமி கணவருக்கு முன்னால் போய் நின்றார். "அவ இஞ்சை நிக்கட்டுமெண்டு கொண்டு வந்தவ. இஞ்சைதான் நிக்கும். நான் பாக்கிறன்." வண்டி வெறுமையாகத் திரும்பியது. கந்தையா அண்ணை மட்டும் இறங்கி வந்து கன்றைத் தூக்கினார். பரியாரியார் மண்ணைத் தள்ளினார். அம்மா தண்ணீர் ஊற்றினார். மாமி வெட்டிய கிடங்கு அளவாகவே இருந்தது.

போன கிழமை என் தம்பி என் பெட்டிக்குள் ஒரு தவளையை விட்டிருந்தான். காதைப் பிடித்தேன். பிடித்த பிறகு, அடிப்பதற்குப் பதிலாக, "அடுத்ததை ஆரின்ரை பெட்டிக்குள்ளை விடுவம்?" என்று கேட்டிருக்கிறேன். கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். பிடிபட்ட ஆளைக் கூட்டாளியாக்கிக்கொள்ளும் அந்த மனம் மாமியிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். தென்னை நாகம்மா மாமியிடம் இருக்கிறது. இன்று காலை போய்ப் பார்த்தேன். நடுவிலிருந்து ஐந்தாவது குருத்து மேலே வந்திருக்கிறது. அதை நான் செருகவில்லை.