வளைவில் நீட்டிய தடி

இன்றைக்கும் அவள் தடியைக் கீழே போட்டால் நான் குனிய மாட்டேன். அப்படியே திரும்பிவிடுவேன். வேலை போனாலும் சரி...

மலையேறும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று என் மனதில் இருந்தது கோபம். பயம் துளியும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நான் அரளவும் இல்லை, அப்போது இருட்டவும் இல்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

சின்ன மலை. உச்சியில் ஒற்றை அறை, வானிலை நிலையம். வெப்பமானியைப் பார்த்துக் கீழே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வது எங்கள் வேலை. பகலில் அக்கா, மாலையிலிருந்து நான். அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை, வேலையில் மூத்தவள். குளிர்காலத்தில் பாதி வழிக்கு மேல் பாதை கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அதற்காக இரும்புப் பூண் போட்ட தடி கொடுத்திருந்தார்கள். ஒன்றே ஒன்று. இறங்குகிறவர் நடுவழி வளைவில் நின்று ஏறுகிறவரிடம் அதைக் கொடுக்க வேண்டும். தடி கை மாறினால் முறை மாறியது. வாங்க ஆள் வரும்வரை கொடுப்பவர் மலையை விட்டு இறங்கக் கூடாது.

அக்கா ஒருநாளும் கையில் கொடுத்ததில்லை. என் வேலையைத் தன் மகளுக்குக் கேட்டிருந்தாள், கிடைக்கவில்லை. "வந்துட்டாங்க மகாராணி!" என்று தடியை என் காலடியில் விட்டெறிவாள். நான் குனிந்து எடுப்பதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். என் முதுகு நிமிர்ந்துவிடும். மனம் வீட்டுக்குப் போன பிறகும் குனிந்தே கிடக்கும்.

அன்று மூடுபனி. வளைவை நெருங்கும்போது சத்தம் கேட்டது.

டக்... டக்...

தடி ஊன்றும் சத்தம். அது மட்டும்தான். பூட்ஸ் பனியை நொறுக்கும் சத்தம் இல்லை.

அக்கா வந்து நின்றாள்.

"வாம்மா. களைச்சுப் போயிட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் இரண்டு கைகளாலும் தடியை நீட்டினாள்.

"கையில வாங்கிக்கோ."

என் கை தானாக நீண்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு மரியாதைக்கு நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது.

விரல் படப் போகும்போது பார்த்தேன். என் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

தடியில் உறைபனி. அதைப் பிடித்திருந்த விரல்கள்மேலும் உறைபனி.

கையை இழுத்துக்கொண்டேன்.

"வாங்குடி."

"எப்பவும் போலக் கீழ போடுங்கக்கா."

அவள் தன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள்.

பிரியவில்லை...

ஓடினேன்.

கீழே அலுவலகத்திலிருந்து சூப்பர்வைசர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். உச்சி அறை வாசலில் அக்கா கிடந்தாள். வழுக்கி விழுந்து மண்டையில் அடி. "மத்தியானத்துலேர்ந்தே ஃபோன் வரல. லைன் போயிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் அவர். உச்சிவேளையிலேயே உயிர் போயிருந்தது என்றார் மருத்துவர். தடி கையிலேயே இருந்தது. யாராலும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. தடியோடுதான் புதைத்தார்கள்.

நான் வேலையை விட்டேன். மலையே இல்லாத ஊருக்கு வந்துவிட்டேன். ஆனாலும் குளிர் தொடங்கினால் வாசலில் கேட்கிறது.

டக்... டக்...

"கையில வாங்கிக்கோம்மா."

கதவைத் திறப்பதில்லை. இந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறேன். அவளால் முடியாது என்று தெரிந்தேதான், குரலை உயர்த்தாமல் சொல்கிறேன்:

"கீழ போடுங்கக்கா."