முதலில் வந்தவள்

தொலைக்காட்சியில் சர்வதேச சைக்கிள் போட்டி. வட்டத் தடத்தில் இரண்டு பெண்கள், பாய்வதற்கு முன், நகராமல் நின்று ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். எனக்குக் கச்சிராயபாளையம் பள்ளி மைதானத்தின் செம்புழுதி மூக்கில் ஏறியது.

அந்தக் காலத்து விளையாட்டு விழாவில், கோமுகி அணை வரை போகும் சைக்கிள் பந்தயம் பையன்களுக்கு மட்டும். பெண்களுக்கு ஸ்லோ சைக்கிள். கடைசியாக வருபவருக்குப் பரிசு. டவுன் பஸ்ஸையே முந்தும் மேரி அக்கா, அணைப் பந்தயத்தில் சேர்க்கச் சொல்லி அழுதாள். அங்கே உடற்கல்வி ஆசிரியரான எங்கள் அப்பா, “ரூல்ல இல்லம்மா” என்றார். ஸ்லோ சைக்கிளில் அக்கா மிதித்த மிதியில் எல்லைக்கோடு பின்னால் போனது.

“நான்தாம்பா ஃபர்ஸ்ட்டு!”

“இதுல ஃபர்ஸ்ட்டு வந்தா அவுட்டு. தெரியாதா இன்னா?”

பட்டியலில் அவள் பெயரை அடித்தார். ஓய்வுபெறும் வரை விதிகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு, அப்பாவின் தீர்ப்பில் இன்றுவரை ஒரு பிழையும் அகப்படவில்லை. அக்காதான் அதன்பின் சைக்கிளைத் தொடவே இல்லை.