உப்புக் குறையாத குளம்

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, முழங்கை முங்கும்வரை தன் வீட்டு நீச்சல்குளத்துத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் பிறகுதான் நிமிர்த்துவார் வாரிக். மேல்தண்ணீர் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. நிரம்பியதும் மூடியைத் திருகி, பழைய துண்டால் துடைத்து, காரின் முன்னிருக்கையில் வைத்து பெல்ட்டும் மாட்டிவிடுவார். அந்த இருக்கையில் வேறு யார் உட்காரப் போகிறார்கள்?

சனிக்கிழமை தவறாமல் லொரெய்னின் கடைக்குப் போவார். நீச்சல்குளச் சாமான் விற்கிற கடை; தண்ணீரைக் கொண்டுபோனால் காசு வாங்காமல் சோதித்துச் சொல்வாள். இப்ஸ்விச் ஊரில் மற்றவர்கள் குளம் பாசி பிடித்துப் பச்சைப்பசேலென்று ஆன பிறகுதான் அரக்கப்பரக்க ஓடிவருவார்கள். வாரிக் குளிர்காலத்திலும் வருவார்.

"வா ராசா, இந்த வாரம் உன் தண்ணிக்கு என்ன நோவு?"

"அத நீதான் பாத்துச் சொல்லணும், டாக்டரம்மா."

நோவு ஒன்றும் இருக்காது. ஆனாலும் கடைக்கு வருகிற புது ஆட்களைப் பிடித்துவைத்து விளக்குவார். தண்ணீரில் கரைந்த உப்பை மோட்டார் இழுத்து இயந்திரத்தின் தகடுகளுக்கு நடுவே விடும். தகட்டில் ஓடும் மின்சாரம் உப்பைக் குளோரினாக்கும். குளோரின் பாசியையும் கிருமியையும் ஒழித்துக்கட்டிவிட்டு மறுபடி உப்பாகிவிடும். "போட்ட உப்பு போட்டபடி கெடக்கும்யா. ஆளுங்க குதிச்சுத் தண்ணிய வெளிய எறைச்சாத்தான் கொறையும். ஒடம்புல ஒட்டிக்கிட்டுப் போனாத்தான் கொறையும்."

ஒரு காலத்தில் கோடை வந்தால் உப்பு மூட்டை சுமந்தே அவர் தோள் விட்டுப்போகும். மனைவி மெர்ல் போய்ச்சேர்ந்தாள். மகன் டேமியன் பிள்ளைகுட்டிகளோடு நாட்டின் மறுகோடியில், பெர்த்தில். வாரிக்குக்கு நீச்சலே தெரியாது. குளத்தை வழியவைத்து உப்பைக் கொண்டுபோகிற மழையும் ஏமாற்றிவிட்டது. உப்பு அப்படியே கிடக்கிறது, பாவம் மனுஷன்!

போன மாதம் டேமியன் புது இயந்திரம் வாங்கி, ஆள் வைத்து மாட்டியும் கொடுத்தான். உப்பு, குளோரின் எல்லாம் கைபேசியிலேயே தெரியும். "இனிமே கடைக்கு அலைய வேணாம்ப்பா. உக்காந்த எடத்துலயே பாத்துக்கலாம்."

"ரொம்ப சந்தோசம்டா" என்றார் வாரிக். அப்பா வாரம் முழுக்க வாய்திறந்து பேசுவதே அந்தக் கடையில்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

வழக்கம்போல் போன சனிக்கிழமையும் பாட்டிலோடு போய் நின்றார். லொரெய்ன் சிரித்தாள். "உன் மகன் அந்த மெஷின என்கிட்டதான வாங்கினான்! எதுக்கு ராசா இந்த வெயில்ல அலையற? உப்பு கொறைஞ்சா மட்டும் வா, போதும்." அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் சுருக்கென்று தைத்தது. பாட்டிலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இன்று காலை காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ரப்பர் குழாயிலிருந்து உப்பில்லாத நல்ல தண்ணீர் குளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம் கைபேசியில் உப்புக்கு நேரே, இன்னும் குறையவில்லை என்று பச்சை விளக்கு. வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுக் கோலீன் எட்டிப்பார்த்தாள்.

"சளப்சளப்னு சத்தம் கேக்குதே, பேரப்பிள்ளைங்க வந்துட்டாங்களா வாரிக்?"

"இல்லம்மா, நான்தான்."

அவள் தலை மறையும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கி, தண்ணீர் புல்தரைவரை தெறிக்கும்படி ஓங்கி அடித்தார். கைபேசியைப் பார்த்தார். மறுபடியும் அடித்தார்.